சொந்தமாகச் செய்த ஆர்சிஏ கேபிள் மக்கர் செய்தால்

டிஷ் மாட்ட வந்தவர் விட்டுப்போன ஏழெட்டு மீட்டர் கறுப்பு ஒயர் எங்கள் மொட்டைமாடியில் சுருண்டு கிடந்தது. ஆர்ஜி-6 என்கிற டிஷ் கேபிள். தடிமனாக இருந்தது, உள்ளே நடுக்கம்பியைச் சுற்றி உலோக இழைப் பின்னல் இருந்தது, முக்கியமாக இலவசமாக இருந்தது. சிடி பிளேயருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவில் போட ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள், அதாவது நடுவில் ஊசியும் சுற்றி வளையமும் உள்ள பின் வைத்த ஆடியோ கேபிள், செய்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். நடுக்கம்பியில் ஈயம் சமர்த்தாக ஏறியது. பின்னலில் வைத்தால் உருண்டை உருண்டையாகத் திரண்டு மேஜையில் உதிர்ந்தது. பேஸ்ட் தடவினேன், சூட்டைக் கூட்டினேன். உள்ளிருந்த வெள்ளை நுரை உருகி ஒழுகியதுதான் மிச்சம். அந்தப் பின்னல் செம்பு இல்லை, அலுமினியம் என்று உறைக்கவே அரை நாள் ஆனது.

அதற்குப் பிறகு சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்கிய ஷீல்டு ஒயர், சிசிடிவி வேலையில் மிஞ்சியது, மைக் கேபிள், லேன் கேபிள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பாதிக்கு மேல் ஏதாவது ஒரு விதத்தில் தகராறு செய்தன. எந்தத் தகராறு எதனால் வருகிறது, அடுத்த முறை ஒயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை அறிகுறியை வைத்துப் பிரித்துச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்சிஏ இணைப்பில் வெளிப்பின்னல் வெறும் கவசம் இல்லை. சிக்னல் திரும்பிப் போகும் பாதையும் அதுதான். ஆகவே கேபிளுக்குக் கொடுக்கிற காசு பின்னலுக்குப் போக வேண்டும். நடுக்கம்பி சுத்தச் செம்பா, செம்பு பூசிய இரும்பா என்பது இந்த வேலையில் இரண்டாம் பட்சம். ஆம்பின் உள்நுழைவு 10,000 ஓமோ அதற்கு மேலோ இருக்கும்போது, நடுக்கம்பியின் கால் ஓம், அரை ஓம் எல்லாம் கணக்கிலேயே வராது. பின்னலின் கால் ஓம் வரும். ஏன் என்று ஹம்மிங் பகுதியில் பார்க்கலாம்.

குற்றவாளி கேபிள்தானா?

ஆம்பை அணைத்துவிட்டுத்தான் எதையும் கழற்றி மாட்ட வேண்டும். ஆர்சிஏ பின்னின் அமைப்பே கொஞ்சம் கோணல்: மாட்டும்போது நடு ஊசி முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்த இடைவெளியில் ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கர் அலறும்.

கோளாறு ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் சோதனை சுலபம். இரண்டு கேபிளையும் இரு முனையிலும் கழற்றி, இடது வலது மாற்றி மாட்டுங்கள். கோளாறு அடுத்த பக்கத்துக்குத் தாவினால் கேபிள்தான். இடத்திலேயே நின்றால் கேபிள் மீது பழி போடாதீர்கள். பிளேயரையோ ஆம்பையோ பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோளாறு என்றால் இந்த வித்தை பலிக்காது. கடையில் வாங்கிய ஒரு ஜோடி கேபிளை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

அப்புறம் மல்டிமீட்டர். பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஊசிக்கும் ஊசிக்கும் தொட்டால் பீப், வளையத்துக்கும் வளையத்துக்கும் பீப், ஊசிக்கும் வளையத்துக்கும் மௌனம். மூன்றையும் கேபிளின் கழுத்தை ஆட்டிக்கொண்டே பாருங்கள். மேஜையில் சும்மா படுத்திருக்கும்போது எல்லாக் கேபிளும் நல்ல கேபிள்தான்.

ஒரு பக்கம் சத்தமே இல்லை

ஊசிக்கும் வளையத்துக்கும் பீப் அடித்தால் ஷார்ட். பிளக்கைத் திறந்து பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை பின்னலிலிருந்து பிரிந்த மயிரிழை ஒன்று நடுவில் சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும்.

இழை எதுவும் இல்லை, ஆனாலும் பீப் அடிக்கிறது என்றால் உள்ளே இன்சுலேஷன் உருகியிருக்கிறது. கோஆக்ஸ் ஒயர்களில் (ஆர்ஜி-6 மாதிரி நடுக்கம்பி, இன்சுலேஷன், பின்னல் என்று அடுக்கியவை) நடுக்கம்பியைச் சுற்றி இருப்பது பாலிஎத்திலீன். 110 டிகிரி அளவிலேயே இளகிவிடும். நாம் வைக்கும் சால்டரிங் அயர்ன் முனை 350 டிகிரி. நுரைத்த வகையாக இருந்தால் இன்னும் மோசம்: வெளியே எதுவும் தெரியாது, உள்ளே நடுக்கம்பி மெதுவாக நகர்ந்து பின்னலில் போய்ச் சாய்ந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்வதுதான் தீர்வு. ஒட்டுப் போட முடியாது.

மறுபடி செய்யும்போது ஒரு யோசனை. பழைய டிவியிலிருந்தோ டிவிடி பிளேயரிலிருந்தோ ஒரு பெண் ஆர்சிஏ சாக்கெட்டைப் பிடுங்கி மரக்கட்டையில் திருகி வையுங்கள். சால்டர் செய்ய வேண்டிய பின்னை அதில் செருகிக்கொள்ளுங்கள். பின் ஆடாது, அதிகச் சூட்டை சாக்கெட் இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் இளகினாலும் ஊசி கோணாது. பின்னின் குழியிலும் ஒயர் நுனியிலும் முதலிலேயே தனித்தனியாக ஈயம் ஏற்றிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று வினாடி. அதற்கு மேல் அயர்னை வைத்திருக்க வேண்டியிருந்தால் முனை அழுக்காக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு கோர் (உள்ளே இரண்டு தனித்தனிக் கம்பி உள்ள) ஒயரில் செய்தவர்கள் வண்ணத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு முனையில் சிவப்பு ஊசிக்கு, மறுமுனையில் சிவப்பு வளையத்துக்கு என்று மாறிப்போனால், சிக்னல் நேரே கிரவுண்டுக்குப் போகும். எனக்கு நடந்திருக்கிறது, இரவு பதினொரு மணிக்குச் செய்தால் நடக்கும்.

அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது

கரகரப்பு, விட்டு விட்டு வருவது, கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் சரியாவது. இது என் மொட்டைமாடிக் கேபிளின் நோய். அலுமினியப் பின்னல் மேல் காற்று பட்டதுமே ஆக்சைடு படலம் படிந்துவிடும், சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. சிலர் பின்னலைச் சுற்றி ஈயத்தை ஒரு கூடு மாதிரி உறைய வைத்துவிட்டு ஒட்டிவிட்டது என்று நினைப்பார்கள். அது ஒட்டவில்லை, அணைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்தில் கைவிடும்.

ஒயர் எந்த உலோகம் என்று கண்டுபிடிக்க பிளேடும் காந்தமும் போதும். இழையைச் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம் அல்லது செம்பு பூசிய இரும்பு. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல ஒயரைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. சுரண்டச் சுரண்ட வெள்ளை மட்டுமே என்றால் அலுமினியம்.

டிஷ் ஒயரின் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. அதனால் பாட்டு கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம். பிரச்னை பின்னலில் மட்டும்தான். கையில் இருக்கிற ஆர்ஜி-6 சுருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் சால்டர் செய்யாதீர்கள். டிஷ்காரர்கள் ஒயர் நுனியில் போடுகிற அதே திருகு முனையை (எஃப் கனெக்டர்) அழுத்திப் போட்டுவிட்டு, எஃப்-ஆர்சிஏ அடாப்டர் என்று கேட்டு வாங்கித் திருகிக்கொள்ளுங்கள். அலுமினியப் பின்னலை எஃப் கனெக்டர் இறுக்கிப் பிடிக்கும். அது அதற்கென்றே செய்யப்பட்டது. பார்க்க பிளம்பிங் வேலை மாதிரி இருக்கும், வேலை செய்யும்.

ஆனால் ஆர்ஜி-6 கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே 1 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி. வளைத்து விட்டால் வளைந்தபடி நிற்காமல் நிமிரப் பார்க்கும். அலமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்தால், அந்த நெம்பலில் ஆம்பின் பின்பக்கச் சாக்கெட் மெல்ல ஆட ஆரம்பிக்கும், உள்ளே போர்டில் அதன் சால்டர் விரியும். அப்போது கரகரப்பு கேபிளில் இல்லை, ஆம்பிலேயே வந்துவிட்டது. தினமும் கழற்றி மாட்டும் இடத்துக்கு இந்த ஒயர் வேண்டாம்.

ஆர்சிஏ பின் லூசாக இருந்தாலும் இதே அறிகுறிதான். மலிவான பின்னின் வெளி வளையம் நாலு இதழாகப் பிளந்திருக்கும். மூக்கு பிளையரால் மெல்ல உள்நோக்கி அழுத்தினால் பிடிப்பு வரும். ஒருமுறை, இருமுறை செய்யலாம். மூன்றாவது முறை இதழ் உடையும்.

கொர்ர்... ஹம்மிங்

ஹம்மிங் என்று எல்லாரும் ஒரே பெயர் வைத்தாலும் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறு.

முதல் வகை: பாட்டையே அமுக்குகிற அளவுக்குப் பெரிய உறுமல். கேபிளைத் தொட்டால் கூடும், குறையும். இது பின்னல் அறுந்துபோனதன் அடையாளம். வளையத்துக்கும் வளையத்துக்கும் பீப் வராது. மேலே சொன்ன அலுமினியக் கதையோ, சால்டர் விட்டதோ காரணமாக இருக்கும். சரிசெய்தால் அதோடு போய்விடும்.

இரண்டாம் வகை: மீட்டரில் எல்லாம் சரி, பாட்டும் சரியாக வருகிறது, ஆனால் பாட்டு நிற்கும்போது அடியில் ஒரு மெல்லிய உறுமல். இதுதான் கிரவுண்ட் லூப். இதில்தான் ஒயரின் தரம் உண்மையாகவே பேசும்.

நடப்பது இதுதான். ஆம்புக்கு ஒரு எர்த். கம்ப்யூட்டருக்கோ செட்-டாப் பாக்ஸுக்கோ வேறு வழியில் ஒரு எர்த். இரண்டுக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும். கேபிளை மாட்டியதும் அந்த வித்தியாசம் உங்கள் பின்னல் வழியாக ஓட ஆரம்பிக்கிறது, 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும். ஓடுகிற கரண்ட் பின்னலின் ரெசிஸ்டன்ஸில் ஒரு வோல்டேஜை விடும். பின்னல்தான் சிக்னலுக்கும் திரும்பும் வழி என்பதால், அந்த வோல்டேஜ் பாட்டோடு கூட்டிக் கணக்கிடப்பட்டு ஆம்புக்குள் போகிறது.

ஒரு மில்லி ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல அடர்த்தியான செம்புப் பின்னல் போட்ட ஆர்ஜி-59 மீட்டருக்குச் சுமார் 10 மில்லிஓம். இரண்டு மீட்டருக்கு 20 மைக்ரோவோல்ட் விழும். அதே இடத்தில் அலுமினியத் தாளும் அதை ஒட்டி ஓடும் மெல்லிய வெறும் கம்பியும் (26 கேஜ் டிரெயின் ஒயர்) மட்டும் உள்ள கேபிள் என்றால் மீட்டருக்குச் சுமார் 130 மில்லிஓம், 260 மைக்ரோவோல்ட். வித்தியாசம் 22 டெசிபல். வீட்டுச் சாதனங்களின் சிக்னல் 0.3 வோல்ட் அளவில் இருக்கும். முதல் கேபிளில் ஹம்மிங் அதைவிட 83 டெசிபல் கீழே, காதில் விழாது. இரண்டாவதில் 61 டெசிபல் கீழே, ராத்திரி ஊர் அடங்கியதும் கேட்கும். லூசான பின் ஒன்று தன் பங்குக்கு ஒரு ஓம் சேர்த்தால் இரண்டுமே கோவிந்தா.

பின்னலின் ரெசிஸ்டன்ஸை சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளக்க முடியாது. மீட்டரின் சொந்த ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும். நான் செய்வது: 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டரில் போடும் 10 வாட் பல்பு, கேபிளின் பின்னல் மூன்றையும் வரிசையாக இணைப்பேன். பல்பு எரியும், 0.8 ஆம்பியர் சொச்சம் ஓடும். இப்போது பின்னலின் இரு முனையில் மில்லிவோல்ட் பார்க்க வேண்டியது. 16 மில்லிவோல்ட் என்றால் 20 மில்லிஓம். பத்து நிமிஷ வேலை. விளம்பரத்தில் எழுதியிருக்கும் எந்த வார்த்தையையும் விட இந்த ஒரு எண்ணை நான் நம்புவேன்.

லூப்பைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். லேப்டாப்பா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. செட்-டாப் பாக்ஸா? பின்னாலிருக்கும் டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள். நின்றால் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வருகிறது. அடுத்து, இரண்டு சாதனத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பாதிக் கேஸ்கள் இதிலேயே தீரும். தீராவிட்டால் இரண்டு சாதனத்துக்கும் நடுவே மின்தொடர்பை அறுத்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது ஒளி வழியே சிக்னல் போகும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அது.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம்மிங் போய்விடும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகும். கூடவே ஆம்பின் உலோகப் பெட்டிக்கு எர்த்தும் போய்விடும். உள்ளே ஒரு இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட் பெட்டியில் நிற்கும், தொடுகிறவர் மேல் பாயும். செய்யவே செய்யாதீர்கள்.

இன்னொரு பிரபலமான யோசனை: இரண்டு கோர் மைக் கேபிளை எடுத்து, ஒரு கோர் ஊசிக்கு, இன்னொன்று வளையத்துக்கு, பின்னலை ஒரு முனையில் மட்டும் இணைப்பது. பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஆனால் திரும்பும் பாதை இப்போது ஒரு மெல்லிய கோர் மட்டும்; ரெசிஸ்டன்ஸ் கூடிவிட்டது. லூப் இருக்கிற இடத்தில் ஹம்மிங் கூடும், குறையாது. இரண்டு கோர் கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் பின்னலையும் இரண்டாம் கோரையும் சேர்த்து, இரு முனையிலும் வளையத்தில் சால்டர் செய்யுங்கள்.

லேன் கேபிளைச் சடை பின்னிச் செய்யும் பழக்கமும் உண்டு. கெபாசிட்டன்ஸ் (கம்பிகளுக்கு நடுவே மின்னூட்டம் தேங்கும் அளவு; அதிகமானால் கீச்சுச் சத்தங்களைத் தின்னும்) குறைவு, சுருள் எல்லா ஆபீஸிலும் மிஞ்சும், பார்க்கவும் அழகு. ஆனால் கவசமே இல்லை. அரை மீட்டருக்கு, பக்கத்தில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இடத்தில் போட்டேன், ஓடியது. ஆம்பின் பவர் கார்டு பக்கம் நகர்த்தியதும் உறுமியது. பிரித்து மறுபடி லேன் கேபிளாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

பாட்டு போர்வை போர்த்திக்கொண்டு வருகிறது

ஜால்ராச் சத்தம் மழுங்கி, குரலில் காற்று இல்லாமல் இருந்தால் கேபிளின் கெபாசிட்டன்ஸைச் சந்தேகிக்கலாம். ஆனால் அவசரப்பட்டுச் சந்தேகிக்க வேண்டாம். மீட்டருக்கு 300 பிகோஃபாரட் உள்ள மோசமான ஒயரில் இரண்டு மீட்டர் என்றால் 600. சிடி பிளேயர் மாதிரி 600 ஓம் வெளியீடு உள்ள சாதனத்தோடு சேர்ந்தால் ஒலி குறையத் தொடங்கும் இடம் 4 லட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேல். வவ்வாலுக்குக்கூடக் கவலை இல்லை.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, வெறும் வால்யூம் கன்ட்ரோலை ஒரு பெட்டியில் போட்டு ப்ரீஆம்புக்கு (ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் சாதனம்) பதில் வைத்திருப்பவர்கள். 50 கிலோ ஓம் கன்ட்ரோல் ஒரு கட்டத்தில் 12.5 கிலோ ஓம் வெளியீடு உள்ள சாதனம் மாதிரி நடந்துகொள்ளும். அதே 600 பிகோஃபாரட் இப்போது 21 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலும், 10 கிலோஹெர்ட்ஸிலேயே கிட்டத்தட்ட 1 டெசிபலும் தின்னும். கேட்கும். கேபிளை அரை மீட்டராகக் குறையுங்கள், அல்லது 10 கிலோ ஓம் கன்ட்ரோலுக்கு மாறுங்கள்.

இரண்டாவது, ரெக்கார்ட் பிளேயர். ரெக்கார்டில் ஓடும் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் காயில் அரை ஹென்றிக்கும் மேல் இருக்கும். கேபிளின் கெபாசிட்டன்ஸோடு சேர்ந்து அது ஒரு அதிர்வெண்ணில் எம்பிக் குதித்துவிட்டு, அதற்கு மேல் சரேலென்று விழும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசைக்கு மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட் என்றும், ஆர்டோஃபோன் 2எம் வரிசைக்கு 150 முதல் 300 என்றும் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இந்த மொத்தத்தில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின் (டோன்ஆர்ம்) ஒயர், ப்ரீஆம்புக்குள் இருக்கும் கெபாசிட்டர், உங்கள் கேபிள் மூன்றும் அடக்கம். 550 மில்லிஹென்றி காயிலுக்கு 150 பிகோஃபாரட் என்றால் அந்தக் குதிப்பு 17 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி நடக்கும். 450 ஆனால் 10 கிலோஹெர்ட்ஸுக்கே இறங்கிவிடும். பாடகர் சொல்லும் ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாகக் குத்தும், அதற்கு மேல் எதுவும் இருக்காது. அப்போது மழுங்கல் என்றும் சொல்வார்கள், கூர்மை என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே நோய்தான்.

ஒயரின் கெபாசிட்டன்ஸ் தெரிய வேண்டுமானால் நானோஃபாரட் அளக்கிற மீட்டர் போதும். ஒரு முனையைத் திறந்து விட்டு, மறுமுனையில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே அளந்து, நீளத்தால் வகுக்க வேண்டியது. நான் வாங்கிய மெல்லிய பிவிசி ஷீல்டு ஒயர் 5 மீட்டருக்கு 1.4 நானோஃபாரட் காட்டியது, மீட்டருக்கு 280. திட பாலிஎத்திலீன் போட்ட ஆர்ஜி-59 மீட்டருக்கு 67 அளவில் வரும், நுரைத்த ஆர்ஜி-6 அதைவிடக் குறைவாக 53 அளவில். 50 ஓம் வகையான ஆர்ஜி-58 சுமார் 100. மேடைக்கு உயர்வாகச் சொல்லப்படும் கானாரே எல்-4இ6எஸ் போன்ற நான்கு கோர் மைக் கேபிள் 150-ஐத் தாண்டும். அது மைக்குக்கு அருமையான ஒயர், ரெக்கார்ட் பிளேயருக்கு இல்லை. காசு அதிகம் கொடுத்தும் தப்பான ஒயர் வாங்க முடியும் என்பதற்கு இது உதாரணம்.

கிட்டார் கேபிளை மீட்டரில் வாங்கிச் செய்தவர்களுக்கு ஒரு தனி வலை இருக்கிறது. பின்னலுக்கு அடியில், இன்சுலேஷன் மேல், கறுப்பாக ஒரு மெல்லிய உறை இருக்கும். அதையும் இன்சுலேஷன் என்று நினைத்து நடுக்கம்பி வரை விட்டுவைப்பார்கள். அது மின்சாரம் கடத்துகிற பிளாஸ்டிக். ஊசியில் பட்டால் சத்தம் குறைந்து மங்கலாகும். பீப் அடிக்காது, ஓம் நிலையில் பார்த்தால் சில ஆயிரம் ஓம் காட்டும். அரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வட்டமாக உரித்துவிட்டால் சரி.

கேபிளைத் தட்டினால் ஸ்பீக்கரில் டொக்

அந்தக் கறுப்பு உறை ஏன் இருக்கிறது என்றால் இதற்காகத்தான். கேபிள் அசையும்போது பின்னலும் இன்சுலேஷனும் உரசி மின்னூட்டம் உண்டாகிறது. கடத்தும் உறை அதை உடனே வடித்துவிடும். சிடி பிளேயருக்கு இது தேவையே இல்லை. வீணையிலோ வயலினிலோ ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் பீசோ கான்டாக்ட் மைக்குக்குத் தேவை. அங்கே டிஷ் ஒயரோ சிசிடிவி ஒயரோ போட்டால் கலைஞர் முழங்காலை மடக்கி உட்காரும் ஒவ்வொரு தடவையும் சபைக்கே கேட்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் கிட்டார் ஒயர் வாங்குங்கள்.

ரேடியோ பேசுகிறது, செல்போன் டிட்-டிட்-டிட்

செல்போன் தட்டல் 2ஜி அழைப்பின் துடிப்பு, வினாடிக்கு 217 தடவை. போனை ஆம்ப் மேல் வைக்காமல் இருப்பது முதல் வைத்தியம். அதற்குப் பிறகும் வந்தால் பிளக்கைத் திறந்து பாருங்கள். பின்னலை முறுக்கி நீள வாலாக்கி, நடுக்கம்பியை இரண்டு சென்டிமீட்டர் அம்மணமாக விட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் மூடி வேறு. அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் ஆன்டெனா. குட்டையாக வெட்டி, உலோக மூடி உள்ள பின் போடுங்கள். அலை ஆம்புக்கு உள்ளேயே பிடித்தால் கேபிள் எதுவும் காப்பாற்றாது. ஆம்ப் முனையில் கேபிள் மேல் ஃபெரைட் மணி ஒன்றைக் கவ்வவிட்டு முயலலாம்.

ஒயர் பக்கம் பார்த்தால், பின்னல் வலை மாதிரி விரிந்திருந்தாலும் இது வரும். மலிவு மைக் ஒயரில் பின்னலே இருக்காது, இழைகளை ஒரே திசையில் சுருட்டி விட்டிருப்பார்கள். புதிதில் மூடியிருக்கும், பத்து தடவை வளைத்தபின் இடைவெளி திறக்கும்.

டிஜிட்டல் கோஆக்ஸில் பாட்டு வெட்டுகிறது

இங்கே 75 ஓம் ஒயர் (இது மல்டிமீட்டரில் அளக்கும் ரெசிஸ்டன்ஸ் இல்லை, ஒயரின் வகை) வேண்டும்: ஆர்ஜி-59 அல்லது ஆர்ஜி-6. மைக் ஒயரில் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஓடி, 192-க்கு மாற்றியதும் டாக் (டிஜிட்டல் சிக்னலைப் பாட்டாக மாற்றும் பெட்டி) தடுமாறினால் ஒயரை மாற்றுங்கள். இதில் பேச வேறொன்றும் இல்லை.

கடையில் நிற்கும்போது

"ஆடியோ ஒயர் கொடுங்க" என்று கேட்டால் மெல்லிய இரட்டை ஷீல்டு ஒயரை அளந்து போடுவார்கள். "செம்புப் பின்னல் போட்ட ஆர்ஜி-59 இருக்கா, அலுமினியம் வேண்டாம்" என்று கேளுங்கள். சிசிடிவி 3+1 ஒயரைக் காட்டினால், அதற்குள் இருக்கும் மூன்று பவர் ஒயரை உரித்துத் தள்ளிவிட்டு ஒற்றைக் கோஆக்ஸை மட்டும் எடுக்கலாம்தான். ஆனால் நான் பார்த்தவற்றில் பின்னல் பரிதாபமாக இருந்தது. வெளிநாடுகளில் பெல்டன் 1505எஃப் என்கிற, அடர்ந்த செம்புப் பின்னல் போட்ட வளையும் வீடியோ கேபிளை இந்த வேலைக்கு விரும்பி வாங்குகிறார்கள். இங்கே கிடைத்தால் மீட்டர் விலை பல மடங்கு. அதில் நாம் தேடுகிற குணம் பின்னல் அடர்த்தியும் வளையும் தன்மையும்தான், பெயரில்லை. டிவி நிலைய, ஸ்டூடியோ வேலையில் மிஞ்சிய வீடியோ ஒயர் பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

உறையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஆர்ஜி-59 என்று எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று பொருள்படும் ஓஎஃப்சி என்ற எழுத்துக்கும் அதே கதி. நான் முதலில் ஒரே ஒரு மீட்டர் வாங்குவேன், ஒரு டீ வடை காசுதான். எதிரே டீக்கடையில் நின்று பிளேடால் உறையைக் கீறி இரண்டு அங்குலம் உரித்து, ஒயரை வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வளைவில் பின்னல் வழியாக வெள்ளை தெரியக் கூடாது. பிறகு பின்னல் இழையைச் சுரண்டி, சாவிக்கொத்தில் இருக்கும் சின்னக் காந்தத்தைக் காட்டுவேன். எல்லாம் சரியாக இருந்தால் டம்ளரை வைத்துவிட்டு, அதே கடைக்குப் போய் அதே சுருளிலிருந்து பத்து மீட்டர் வெட்டச் சொல்வேன். அதே சுருளிலிருந்துதான்.